ஐஃப்ரேமுல குடித்தனம்

ஏலே பேராண்டி, கோயில் கொடைக்கு வெப்சைட் போட்டிருக்கியாமே! மாடு மேச்ச கெழவன், எனக்கு என்ன தெரியும்? சும்மா போன்ல தொறந்து பாத்தேன். அது தொறக்கதுக்குள்ள ஒங்க ஆச்சி உலை வச்சுச் சோறு வடிச்சிட்டா. அப்படி என்னத்த உள்ள திணிச்சிருக்கான்னு பாத்தா, மூணு யூடியூப், ஒரு பேஸ்புக் பெட்டி, போதாததுக்குக் கிரிக்கெட் ஸ்கோரு. நம்ம அம்மனத்தான் காணல. கீழ எங்கயோ ஒதுங்கி நிக்கா.

தொறந்ததும் நையாண்டி மேளம் தானா முழங்கும்னு ஊரெல்லாம் சொல்லி வச்சே. முழங்கலியே. ஒங்க அய்யாகிட்ட போன் ரிப்பேருன்னு அளந்தியாம். 2018லயே குரோம்காரன் சொல்லிட்டாம்லே, ஆளு தொடாம சத்தத்தோட ஒண்ணும் தானா ஓடப்படாதுன்னு. ஆட்டோபிளே வேணும்னா கூடவே மியூட்டும் போடணும். சத்தமில்லாத மேளத்த வச்சி நீ எந்தச் சாமிய ஆடவைக்கப் போறே? அதத் தூக்கிட்டு கன்ட்ரோல்ஸ்னு ஒரு வார்த்தையச் சேரு. கேக்கணும்னு நெனைக்கவன் அமுக்கிக் கேப்பான். எழவு வீட்டுல உக்காந்து பாக்கவனும் இருப்பாம்லா.

கோபுரப் படம் நல்லாத்தான் இருக்கு. யாரு எடுத்தது? எவனோ ஒருத்தன் சைட்டுல கெடந்த படத்தோட முகவரிய அப்படியே இமேஜ் டேக்குல சொருவிட்டே. 1993 பிப்ரவரியில, மொசைக் பிரவுசர் செஞ்ச மார்க் ஆண்ட்ரீசன் அந்த டேக்கு வேணும்னு கேட்டப்பவே, படம் இருக்க முகவரியக் குடுத்தாப் போதும்னு வச்சிட்டான். ஒன்னய மாதிரி ஆளுகளுக்குத் தோதாப் போச்சு. நம்ம பக்கத்த ஒருத்தன் தொறக்கும்போதெல்லாம் படத்த அனுப்புத செலவு அந்த மனுசன் சர்வருக்கு. அது தெரிஞ்சி, கடுப்புல அதே பேர்ல ஒரு கழுதப் படத்த ஏத்திட்டாம்னா, கோபுரம் நின்ன எடத்துல கழுத நிக்கும். வரி குடுத்தவன் ஒன்னயத்தான் தேடுவான். நாளெல்லாம் போனும் கையுமா கோயில் வாசல்லதான் கெடக்கே, ஒரு படம் எடுக்க வலிக்கா? எடுத்து நம்ம சைட்டுலயே ஏத்து. ஆல்ட்ல 'படம் 1'ன்னு எழுதாதே. கண்ணு தெரியாதவுகளுக்குப் போன் அதத்தான் வாசிச்சுக் காட்டும்.

இனி நீ யூடியூப், பேஸ்புக் பெட்டியெல்லாம் திணிச்சிருக்க ஐஃப்ரேமுக்கு வாறேன். 1997ல எச்டிஎம்எல் 4ல சேந்த சரக்கு. நம்ம வீட்டுல ஒரு அறைய அடுத்தவனுக்குக் குடித்தனம் விடுத மாதிரிதான். நீ எழுதுதது ஒத்த வரி. அவன் ஸ்கிரிப்ட்டு, குக்கீன்னு தட்டுமுட்டுச் சாமானெல்லாம் வண்டியில ஏத்திட்டு வந்து எறங்குதான். வாசல்ல யாரு வந்தா, யாரு போனான்னு குறிப்பும் எடுப்பான். அளவு சொல்லாம விட்டா மட்டும் 300க்கு 150ன்னு ஒரு பொந்துல குறுக்கிக்கிடுவான்.

விடவே விடாதேங்கல. சாண்ட்பாக்ஸ்னு ஒரு கண்டிஷன் இருக்கு. அத வெறுமனே போட்டா ஸ்கிரிப்ட் ஓட்டக்கூடாது, ஃபார்ம் அனுப்பக்கூடாது, புது ஜன்னல் தொறக்கக்கூடாது. அப்பொறம் எது வேணுமோ அத ஒண்ணொண்ணா அவுத்து விடலாம். யூடியூப்புக்கு ஸ்கிரிப்ட்ட அவுத்து விடலேன்னா வீடியோ ஓடாது. அதுக்கும் 'தாத்தா'ன்னு ஓடி வராதே. லோடிங் லேஸின்னு போட்டா, ஆளு அந்த அறைப்பக்கம் வாற வரைக்கும் சாமான் எறங்காது. ஆச்சிக்குக் கொஞ்சம் முன்னாலயாவது பக்கம் தொறக்கும்.

நன்கொடை வசூலுக்குன்னு பேங்க் பக்கத்தையும் குடிவைக்கப் பாத்தியாமே. வெள்ளையாக் கெடக்குன்னு புலம்புதே. அவன் வரமாட்டாம்லே. எக்ஸ் ஃப்ரேம் ஆப்ஷன்ஸ்ல 'டினை'ன்னு எழுதி அனுப்பிருவான். 'பிரசாதம் இலவசம்'னு ஒரு பட்டனக் காட்டி, அதுமேல கண்ணுக்குத் தெரியாம பேங்க் பட்டன விரிச்சி, ஏமாந்தவன அமுக்க வைக்க எத்தனுவ உலகத்துல இருக்கானுவ. நீ அந்த அளவுக்கு வெவரம் கெடையாதுன்னு பேங்குக்குத் தெரியாதுலா. பேசாம ஒரு லிங்க் குடு, குடுக்கவன் அங்க போய்க் குடுப்பான்.

கோயிலுக்கு வழின்னு நீ போட்டிருக்க மேப்ப மட்டும் இன்னைக்கு ராத்திரிக்குள்ள எடுத்துரு. வழி காட்டுததுல குத்தமில்ல. ஆனா நீ குத்தியிருக்க புள்ளி பக்கத்து ஊரு அம்மன் கோயில்மேல இருக்கு. போன வருசம் நம்ம வில்லுப்பாட்டுக்காரன அவனுவ இழுத்துக்கிட்டுப் போனானுவ. இந்த வருசம் நீ கொடை பாக்க வாற சனத்தையே அனுப்பி வைக்கே.