ஓட்டை பாத்துச் சொருகுல, பேராண்டி

வாங்க பாட்டுக்கார ஐயா. மச்சுல என்னமோ ஸ்டூடியோ தொறந்திருக்கீயளாமே? கொரியர்காரன் கொண்டாந்த அட்டைப்பெட்டியைப் பாத்துட்டு, பயலுக்கு வேலை கெடச்சிருச்சு போலன்னு உங்க ஆச்சி பூரிச்சுப் போயிட்டா. ராத்திரி பூரா நீ லேப்டாப்பைப் பாத்து "ஹலோ செக், ஹலோ செக்"னு கத்தினதும், அது வாயே தொறக்காததும் கீழ வரைக்கும் கேட்டுச்சு. அப்பத்தான் அவளுக்கு விசயம் வெளங்குச்சு.

இந்தச் சுத்துவட்டாரத்துல கொடைக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் கட்டினவன் நான். கெழவன் கம்ப்யூட்டரைக் கண்டானாக்கும்னு நீ சிரிக்கலாம். சிரி. மைக்குல இருந்து வாரது அன்னைக்கும் கரண்டுதான், இன்னைக்கும் கரண்டுதான்.

மொதல்ல உன் மைக்கு. நீ வாங்கியிருக்கது கண்டன்சர். அதுக்குள்ள 48 வோல்ட் போனாத்தான் அது வேலை பாக்கும். நீ என்ன பண்ணின? ஒரு கன்வெர்ட்டர் வயரை மாட்டி லேப்டாப் விலாவுல இருக்க சின்ன ஓட்டையில சொருகின. அது இயர்போன்ல தொங்குத பொடி மைக்குக்காக வச்ச ஓட்டை. ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல அதுகிட்ட எதிர்பாக்கப்படாது. அப்புறம் மைக்கு சரியில்லைன்னு கம்பெனிக்காரனுக்குப் புகார் எழுதுத. அவன் பாவம்ல!

உனக்கு வேண்டியது ஆடியோ இன்டர்பேஸ்ங்கிற பெட்டி. மைக்குல இருந்து வாரது சில மில்லிவோல்ட். அதை ஏத்தி, எண்ணா மாத்தி, யூஎஸ்பி வழியா உள்ள அனுப்புதது அந்தப் பெட்டியோட வேலை. 48 வோல்ட்டும் அதுலயே பொத்தானா இருக்கும். மைக்கை மாட்டினப்புறம் அமுக்கு, கழத்துததுக்கு முன்னால அணை. ஷ்யூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்குன்னா அந்தப் பொத்தானே வேண்டாம். 1966-ல வந்த மைக்கு அது, இன்னும் மேடை மேடையா அலையுது. பேன் சத்தத்தையும் பக்கத்து வீட்டுச் சேவலையும் கண்டன்சர் அளவுக்கு அது இழுக்காது. நம்ம வீட்டுக்கு அதுதான் லாயக்கு. ஆனா நான் சொன்னா நீ கேப்பியா? பளபளன்னு இருந்தாத்தானே உனக்கு மைக்கு!

அந்தப் பெட்டி மூஞ்சியில ஓட்டை ஒண்ணுதான்னு நெனைச்சுக்கிடாத. மூணு முனை உள்ள எக்ஸ்எல்ஆர் மாட்டினா மைக்கு வழி. நடுவுல தடிச்ச கால் இஞ்சு ஜாக்கைச் சொருகினா லைன் வழி, கீபோர்டு அதுல போகணும். கிதாரை நேரா மாட்டுததுன்னா இன்ஸ்ட்ருமென்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டிவிடணும். இல்லைன்னா கிதாரு சளி புடிச்ச மாதிரி மந்தமாத்தான் வரும். கீபோர்டுக்காரன் குடுக்குதது ஒரு வோல்ட்டைத் தொடும். அதைக் கொண்டு மைக்கு வழியில விட்டா பொரபொரன்னு சத்தம் பொரிஞ்சிரும். முக்கால்வாசிப் பேரு பெட்டியை மாத்துதானே ஒழிய, ஓட்டையை மாத்த மாட்டான்.

இன்னொண்ணு, இது வெளையாட்டு இல்லை. நேத்து பரண்ல கெடக்க என் ஆம்ப்ளிபயரை ஒரு மாதிரியாப் பாத்தேல்ல? பின்னால ஸ்பீக்கர் போற முனையில இருந்து வயர் இழுத்து இந்தப் பெட்டியில குடுக்கலாம்னு உனக்கு ஒரு யோசனை ஓடும். அது தெருத்தெருவா குழாய் ஸ்பீக்கர் ஓட்டுத ஆம்ப்ளிபயரு. லைன் முனையில 100 வோல்ட் வரைக்கும் ஏறும். வச்ச மறு நிமிசம் பெட்டி பொகஞ்சிரும். அந்தச் சாமானுக்கு நீ கட்டுத தவணை மட்டும் பொகையாது, மாசாமாசம் வரும்.

கெயினைத் திருகுததுல உனக்கு நிதானமே கெடையாது. ஆம்ப்ளிபயர் முள்ளு சிவப்பைத் தொட்டாலும் குழாய் கொஞ்சம் கரகரன்னு சமாளிக்கும். கம்ப்யூட்டர் அப்படியில்லை, சீரோ டெசிபெல்லைத் தாண்டினா வெட்டிப்போட்டுரும், வெட்டினது பெறகு ஒட்டாது. நீ அடிவயித்துல இருந்து கத்துத எடத்துல கூட மைனஸ் 12-ல நிக்கணும். 24 பிட்டுல ரிக்கார்டு பண்ணு. கம்மியா வந்தாப் பின்னால ஏத்திக்கிடலாம்.

இப்ப, பெட்டி வந்தப்புறம் உனக்கு வரப்போற பெரிய மனக்குறைக்கு வாரேன். ஹெட்போன்ல உன் குரலே உனக்குப் பிந்தி வரும், தாளம் நழுவும். கொடைக்கு அம்மன் கோயில்ல ஒரு குழாயும் தெருக்கோடிப் புளியமரத்துல ஒரு குழாயும் கட்டுவேன். காத்துல சத்தம் நொடிக்கு 340 மீட்டர் சொச்சம்தான் ஓடும். கோயில் வாசல்ல நின்னா மரத்துக் குழாய் பிந்தித்தான் பாடும். வில்லுப்பாட்டுக்காரரு காதுல அது விழுந்திச்சோ, கையில வீசுகோல் தடுமாறும். அதனால அந்தக் குழாயை அவருக்கு முதுகு காட்டித்தான் கட்டணும்.

உன் லேப்டாப்புக்குள்ள நடக்கதும் அந்தப் பிந்துதல்தான். அது வந்த சத்தத்தை வந்தவுடனே எடுக்காது, கொஞ்சம் சேத்துவச்சு மொத்தமா எடுக்கும். அதுக்குப் பேரு பபர். நொடிக்கு 44,100 தடவை அளக்குத எடத்துல பபர் 1024-னு வச்சா 23 மில்லிசெகண்ட் போச்சு. உள்ள போக ஒண்ணு, வெளிய வர ஒண்ணு. பதினஞ்சு மீட்டருக்கு அங்கிட்டு நின்னு ஒருத்தன் நீ பாடுததைத் திருப்பிப் பாடுத கணக்கு. பாடும்போது 128-க்கு எறக்கு, கெட்டிப் புடிச்ச தாளம் நிக்கும். மிக்சிங் பண்ணும்போது 1024-க்கே ஏத்திக்கோ, இல்லைன்னா லேப்டாப் மூச்சு வாங்கி டிக்கு டிக்குன்னு சத்தம் போடும். விண்டோஸ்னா பெட்டிக்காரன் குடுத்த ஏசியோ டிரைவரைப் போட மறந்துராத. அதைப் போடாம பபரைத் திருகுதது கால்வாசி கூடப் பலிக்காது. பெட்டியில டைரக்ட் மானிட்டர்னு ஒரு பொத்தான் இருந்தா இந்தத் தொல்லையே வேண்டாம், உன் குரல் கம்ப்யூட்டருக்குள்ள போகாமலே நேரா காதுக்கு வந்துரும். அதுக்கப்புறமும் தாளம் நழுவுச்சுன்னா என்கிட்ட வராத, பாட்டு வாத்தியாரைப் பாரு.

44,100-ல பதிஞ்சதை 48,000-ல ஓடவிட்டா உன் குரல் முக்கால் கட்டை ஏறிப்போகும். அதை நீயே கேட்டு, நமக்கு மேல் ஸ்தாயி வந்துருச்சுடான்னு துள்ளிக் குதிக்கப்படாது. வீடியோவுக்கு 48,000, ஆரம்பத்துலயே ஒண்ணைப் புடிச்சுக்கோ.

'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் வந்தா என்ன பண்ணணும்னும் சொல்லிருதேன். லேப்டாப் சார்ஜரைப் புடுங்கிப் பாரு. நின்னுச்சுன்னா கரண்டு வழி வார இரைச்சல். எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல மாட்டு. எர்த் முனையை ஒடிச்சுட்டா நின்னுரும்னு எவனாவது யோசனை சொல்லுவான். இரைச்சலும் நிக்கும், ஒருநாள் நீயும் நின்னுருவ. வயரை ரெண்டு கம்பி போட்ட பேலன்ஸ்டு வயரா வாங்கு. ஒரே சத்தம் ஒரு கம்பியில நேராவும் மத்ததுல தலைகீழாவும் போகும். வழியில ஒட்டுன இரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கதால கடைசியில கழிஞ்சு போயிரும். நாங்க கோயில்ல இருந்து பந்தல் வரைக்கும் மைக்கு வயர் இழுத்தது இந்தத் தைரியத்துலதான்.

ரகுமான் வீட்டுக்குப் பின்னால ஸ்டூடியோ போட்டது 1989-ல, ரோஜா வந்தது 1992-ல. நீ மைக்கு வாங்கினது போன வாரம். அதுக்குள்ள ஆல்பத்துக்குப் பேரு யோசிச்சாச்சாமே, கேள்விப்பட்டேன்.

சரி, நாளைக்குப் பாடுததுன்னா செவுத்துப் பக்கம் மெத்தையையும் போர்வையையும் தொங்கவிடு, வெறுஞ்செவுறு குரலைத் திருப்பி அடிக்கும். பேனை அணைச்சுரு, வேத்து ஊத்தினாலும் பரவாயில்லை. ஸ்பீக்கரையும் அணைச்சுட்டு மூடின ஹெட்போன் போட்டுக்கோ, இல்லைன்னா மைக்கு ஊளையிடும். அப்புறம் உங்க ஆச்சி சாயங்காலம் மாவுக்கு கிரைண்டர் போடுவா. அந்த நேரத்துக்கு அதை நிப்பாட்டச் சொல்லணும். அதை நீதான் போய்ச் சொல்லணும், நான் வரமாட்டேன்.