ஒரு சொட்டு நீலம்

கூடுவாஞ்சேரியில் விடிகாலை ரயிலேறி, செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பேருந்தில் கண்ணாடிப் புட்டிப் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள், வங்கக்கடலைக் காப்பாற்றப் போகிறவனே நான்தான் என்கிற மிதப்பு எனக்கு வந்துவிடும். 1991-இல் தொடங்கிய மத்திய அரசின் கடலோர மாசுக் கண்காணிப்புத் திட்டம் அப்போது புதுசு. நான் தினக்கூலிக்குப் புட்டி சுமந்தவன், வீட்டில் மட்டும் விஞ்ஞானி.

நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க, படகு ஆடுகிற ஆட்டத்தில் குமிழி சேராமல் தண்ணீர் பிடித்து, அங்கேயே மருந்து விட்டு மூடினால் புட்டிக்குள் பழுப்பாகத் திரளும். மாலையில் ஆய்வகத்தில் அதை அமிலத்தில் கரைத்து, ஸ்டார்ச் சேர்த்து, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தயோசல்பேட் விட, நீலம் வெளுத்து வெளுத்துச் சட்டென்று காணாமல் போகும். பள்ளியில் பியூரெட் பிடித்தவர்களுக்கு அந்த நொடியின் சுகம் தெரியும். ஒரு சொட்டு கூடிப்போனால் கடலில் இல்லாத ஆக்சிஜன் கணக்கில் ஏறிவிடும். அப்படி நான் வாரி வழங்கிய நாட்கள் உண்டு.

கலங்கலை அளக்க வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பேன். படகுக்காரர் சிரிப்பார். "இன்னா தம்பி, தட்ட முழுவடிச்சா பாக்குற? தெண்டி மாறிடிச்சி, தண்ணி நேத்தே கலங்கிப்போச்சி." தெண்டி என்பது தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்துக்குப் படகுக்காரர்கள் சொல். நான் எழுதிக்கொள்ளவில்லை; அதற்கு அலகு இல்லையே!

இன்று கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் ஐதராபாத்தின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனத்தின் மிதவைகள் உப்பு, வெப்பம், ஆக்சிஜன், கலங்கல் எல்லாவற்றையும் தாமே அளந்து அனுப்ப, மொட்டைமாடியில் காப்பி குடித்தபடி அந்த எண்களைக் கைப்பேசியில் பார்க்கிறேன். ஆக்சிஜன் சென்சார் ஒளிபாய்ச்சி ஒரு சாயத்தை ஒளிரவைத்து, அந்த ஒளிர்வு ஆக்சிஜனால் எவ்வளவு மங்குகிறது என்று கணக்கிடுமாம். அங்கேயும் ஏதோ மங்கத்தான் செய்கிறது, கிட்டே இருந்து பார்க்கத்தான் ஆளில்லை.

ஆனால் கடல் சும்மா விடுமா? கொஞ்ச நாளில் சென்சார்மேல் பாசியும் சிப்பியும் ஏறி, எண்கள் கோணிக்கொள்ளும். அப்போது யாராவது படகேறிப் போய்த் தேய்த்துக் கழுவ வேண்டும். கையோடு ஒரு புட்டித் தண்ணீரும் பிடித்து வந்து, நீலத்தை வெளுக்கவைத்து, மிதவை சொல்வது சரிதானா என்று பார்க்க வேண்டும். விங்க்ளர் என்ற வேதியியலாளர் அந்த முறையை வெளியிட்டது 1888-இல்.