நகர் கண்ட சோழர்

மதுராந்தகத்தைத் தாண்டித் திண்டிவனம் போகிற சாலையில் இருபுறமும் அவர் நிறுவிய நகர்கள் உண்டு. மனைவி பெயரில் ஒன்று, மகள் பெயரில் ஒன்று, குலதெய்வத்தின் பெயரில் மூன்று. குடிமக்கள்தான் இன்னும் வரவில்லை. வளைவு இருக்கிறது, கொடி பறக்கிறது, மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கல்லில் ஆடு முதுகு தேய்க்கிறது.

வயலைப் பார்த்தால் நமக்கு வரப்பும் கிணறும் தெரியும். ‘பிளாட் போடுகிற’ இவருக்கு 30 அடி ரோடு தெரியும். அதன் ஓரமாக 600, 800, 1,200 சதுர அடியில் மனைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கிணறு கண்ணில் பட்டால், “கார்னர் பிளாட்டுண்ணே, மண்ணைக் கொட்டிட்டா சரியாப் போச்சு” என்பார். பரந்தூரில் விமான நிலையம் என்று 2022இல் அறிவித்த மறுவாரமே இங்கே ‘ஏர்போர்ட் அருகில்’ என்று போர்டு ஏறிவிட்டது. விமானம் கொஞ்சம் தாழப் பறந்தால் அருகில்தானே.

ஒரு காலத்தில் பஞ்சாயத்துத் தலைவரின் ரப்பர் ஸ்டாம்பைக் காட்டியே விற்றார். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று அதற்குப் பெயர். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) வேலை, தலைவருக்குத் தன்னிச்சையாக அந்த அதிகாரம் கிடையாது. வாங்கியவருக்கு இது தெரியாது. தலைவருக்காவது தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

பிறகு 2016 வந்தது. ஊருக்கெல்லாம் நோட்டு செல்லாமல் போனது நவம்பரில். இவருக்கு மனையே செல்லாமல் போனது செப்டம்பரில். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுவருஷம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்குள் ஒரு மனையாவது கிரயமாகியிருந்தால் அந்த மனைப்பிரிவுக்குப் பிழைக்க வழி உண்டு. இவர் ஒரே ஒரு மனையை மச்சானுக்கு எழுதி வைத்திருந்தார். அன்றுமுதல் அந்த வீட்டில் மச்சானுக்குத்தான் முதல் இலை.

பட்டபின் மனிதர் சட்டம் படித்தார். இன்று டிடிசிபி விதிகளை அவரைவிடச் சுத்தமாகச் சொல்ல ஆள் கிடையாது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், ரோடு போக மீதியில் பத்து சதவீதத்தைப் பூங்காவுக்கு இடமாகவே விட வேண்டும். அதற்குக் கீழே, இடம் விடத் தோதில்லை என்றால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். 3,000 சதுர மீட்டர்வரை அதுவும் வேண்டாம். 10,000 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். ஆகவே நம்மவர் வாங்குகிற நிலமெல்லாம் எப்படியோ 2 ஏக்கர் 46 சென்ட்டில் வந்து நின்றுவிடும். சின்னதாக இருந்தால் 74 சென்ட், 3,000 சதுர மீட்டருக்குச் சற்றுக் கீழே. இதைப் பூமியின் அமைப்பு என்றே அவர் நம்புகிறார். வழிகாட்டி மதிப்புக்கும் தான் சொல்கிற விலைக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் போன் வந்துவிடும்.

ரோட்டைத் தானப் பத்திரமாக எழுதி ஊராட்சிக்குக் கொடுத்தால்தான் அனுமதியே கிடைக்கும். அவரோ, “பத்தாயிரம் சதுர அடி, தானம் சார்!” என்று கர்ணன் கவசத்தைக் கழற்றிக் கொடுத்த குரலில் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துப்போய், பிரியாணி கொடுத்து மனை காட்டும்போது ஒரு வாத்தியார் கேட்டார்: “பார்க் எங்கேங்க?”

“சுத்திலும் பாருங்க சார், பச்சைப்பசேல்னு வயலு. இந்தக் காத்து எந்தப் பார்க்குல வரும்?”

வாத்தியார் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தார். அந்தப் பணம் சாயங்காலமே கைமாறியது, பக்கத்து வயல்காரருக்கு அட்வான்ஸாக. அதுவும் 2 ஏக்கர் 46 சென்ட்தான்.