பயிருக்குப் பாடம் எடுக்கிற காலம்

எட மோனே, இஞ்சை வந்து குந்து. காலநிலை மாறுதாம், பயிரையும் அதுக்கேத்த மாதிரிப் பழக்க வேணுமாம் எண்டு ஏதோ கூட்டத்துக்குப் போட்டு வந்தனியாமே? குளிரூட்டின மண்டபத்திலையோ வைச்சவை? வெக்கையைப் பற்றிக் கதைக்க நல்ல இடந்தான்!

மாறுறது பொய்யில்லை. 2008 கார்த்திகையிலை நிஷா புயல் வயலெல்லாத்தையும் வெள்ளத்திலை தாட்டுது. 2020 மார்கழியிலை புரேவி. ஐப்பசி மழை ஒண்டில் பிந்துது, இல்லாட்டி ஒரேயடியாய் ஊத்தித் தள்ளுது.

அதுக்கு நீ என்ன செய்தனி? முத்தம் முழுக்கக் கல்லுப் பதிச்சாய். மிச்ச இடத்திலை வெளிநாட்டுப் புல்லு. அதுக்குக் காலமையும் பின்னேரமும் மோட்டர்த் தண்ணி. புல்லை மாடு தின்னுமோ, நீ தின்னுவியோ?

எங்கடை யாழ்ப்பாணக் குடாநாட்டிலை ஆறு இருக்கோ, சொல்லு பாப்பம்? வழுக்கியாறு மாரிக்கு மட்டும் எட்டிப் பாக்கிறவர். குடிக்கிறதும் இறைக்கிறதும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை இறங்கின மழைத்தண்ணி. அது அடியிலை கிடக்கிற உப்புத்தண்ணிக்கு மேலை, பாலிலை ஆடை மாதிரி மிதக்குது. துலா காலத்திலை இறைக்கிறவன் களைச்சால் கிணறும் ஆறியிருக்கும். மோட்டருக்குக் களைப்பு வருமோ? உறிஞ்ச உறிஞ்ச உப்பு மேலை வரும். தோட்டம் கருகும். பிறகு நீ மானத்தைப் பாத்து, "காலநிலை" எண்டு பெருமூச்சு விடுவாய்!

உப்புத் தாங்குற நெல்லுக்கு ஆராய்ச்சி நடக்குதாம். நடக்கட்டும், நான் பழிக்கேல்லை. அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்தார் ஏ.ரி. 354 எண்டு ஒண்டு எடுத்தினம், கெட்டிக்காரர். அதின்ரை பெத்தவரிலை ஒண்டு ஆர் தெரியுமோ? கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல்லு! உப்புத் தண்ணிக்குள்ளை நிண்ட கமக்காரர் தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கி வைச்ச விதை. சப்பாத்துப் போட்டவை பெத்த பிள்ளைக்குக் கோவணம் கட்டினவன்தான் பாட்டன். உன்ரை பாட்டன் வைச்ச மொட்டைக்கறுப்பன் விதை எங்கை? பொங்கலுக்குக் கடையிலைதானே பச்சையரிசி தேடுறாய்?

ஆயிரத்துச் சொச்சம் குளம் இந்தக் குடாநாட்டிலை. கனக்க மேடாய்ப் போச்சு, குப்பையும் கொட்டியாச்சு. மழையை நிலத்துக்குள்ளை விட வழியில்லாமல் செடிக்கு மட்டும் புத்தி சொன்னால் அது கேக்குமோ?

சரி, எழும்பு. மாரி துவங்க முதல் அந்தக் கல்லிலை பாதியைக் கிளப்பு. பூவரசங் குழையை வெட்டித் தோட்டத்திலை தாழ். இந்த வெயிலுக்கும் வாடாமல் நிண்ட மிளகாய்ச் செடி வேலிக்கரையிலை ரெண்டு நிக்குது. அதிலை பழுத்ததை ஆயாமல் விதைக்கு விடு. பக்கெற் விதையைப் பேந்து பாப்பம்.