சிபாரிசும் செமிகோலனும்

மயிலாப்பூரில் வேலை தேடும் பையனுக்குக் காபி கிடைக்காத வீடு உண்டு. யோசனை கிடைக்காத வீடு கிடையாது. கபாலி கோயில் நாலு மாட வீதியையும் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் வக்கீலாகி, ஆடிட்டராகி, அமெரிக்கா போய், திரும்பியும் வந்துவிடலாம். கால்வலிதான் மிச்சம்.

எனக்குக் கிடைத்த முதல் யோசனை தெருவிளக்கு. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்ட அன்று அப்பா சொன்னார்: "முத்துசாமி ஐயர் தெருவிளக்குல படிச்சு ஜட்ஜ் ஆனார்டா!" எங்கள் வீட்டில் நாற்பது வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. என் முன்னேற்றத்துக்கு அதுதான் தடை என்பதுபோல் அதை முறைத்தார்.

கதை பொய்யில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், சின்ன வயதிலேயே அப்பா இல்லை, கிராமக் கணக்குப்பிள்ளையிடம் மாதம் 1 ரூபாய்க்கு எடுபிடி. அந்தப் பையன்தான் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. ஆனால் கதை சொல்கிற அப்பாக்கள் எல்லோரும் நடுவில் ஒரு தாசில்தாரை விழுங்கிவிடுவார்கள். பையனின் சூட்டிகையைக் கண்டு மேலே படிக்க வழிசெய்தவர் அவர். விளக்கு எல்லாத் தெருவிலும்தான் எரிந்தது. தாசில்தார் ஒருத்தனுக்குத்தான் அகப்பட்டார்.

பிள்ளைக்கு வேலை கிடைத்தாயிற்று. சம்பளத்தை எங்கே வைப்பது? போன நூற்றாண்டு பிறந்தபோது இந்த ஊரில் அதற்கு ஒரே பதில்: ஆர்பத்நாட் கம்பெனி. வெள்ளைக்காரன் கம்பெனி, முதலாளி 'சர்' பட்டக்காரர், கட்டடமோ கல்லுக்கோட்டை மாதிரி. பெண் கல்யாணத்துக்குச் சேர்த்ததும், பென்ஷனும், ஊரார் பணமும் அங்கேதான் போய் உட்கார்ந்தன. 1906 அக்டோபரில் ஒருநாள் கதவைத் திறக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். அதுவரை அந்தக் கம்பெனியைச் சிபாரிசு செய்த மாமாக்களுக்கு ஒரு நாள் தண்டனைகூட இல்லை. அவர்கள் மறுநாள் காலை வழக்கம்போல் திண்ணைக்கு வந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்திருப்பார்கள். நான் கூட இருந்து பார்க்கவில்லை. ஆனால் இந்த மாமாக்களின் பேரன்களை எனக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் வி. கிருஷ்ணசாமி ஐயர் என்ற மயிலாப்பூர் வக்கீல் மட்டும் வாயால் அழாமல் கையால் ஏதோ செய்தார். செட்டிநாட்டுப் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு, 1907 ஆகஸ்ட் 15-ம் தேதி இந்தியன் பேங்கைத் தொடங்கிவைத்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் இதே மனிதர் மயிலாப்பூரில் சமஸ்கிருதக் கல்லூரியையும் ஆரம்பித்திருந்தார். படித்தால் வேலை கிடைக்காத படிப்புக்கு ஒரு இடம்; அந்தப் படிப்பு படிக்காதவர்களுக்கெல்லாம் வேலை கொடுக்க இன்னொரு இடம். இவ்வளவு முழுமையான உத்தியோக ஆலோசனையை அதற்குப் பின் யாரும் இந்த ஊருக்குத் தரவில்லை.

இப்போது நம் நாயகன். கும்பகோணத்துப் பையன். கணக்கில் நூற்றுக்கு நூறு, மற்றதில் எல்லாம் கோவிந்தா. அங்கே அரசுக் கல்லூரியில் உதவித்தொகையைப் பறிகொடுத்து, சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, எஃப்.ஏ. பரீட்சையில் மறுபடி தோற்றான். 1909-ல் கல்யாணம் செய்துவைத்தார்கள். பையன் உருப்படாவிட்டால் கல்யாணம் செய்துவை என்பது நம் ஊரின் ஆதிகால வேலைவாய்ப்புத் திட்டம். ராமானுஜன் நோட்டுப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடக் கிளம்பினார்.

முதலில் திருக்கோவிலூர். அங்கே டெபுடி கலெக்டர் வி. ராமசுவாமி ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர். கணக்குத் தெரிந்த கலெக்டர், கணக்குப் புலி விண்ணப்பதாரர், இதைவிட வாகான சந்திப்பு வேறென்ன வேண்டும்? நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் அசந்துபோனார். அசந்துபோனதாலேயே வேலை கொடுக்க மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட மேதையை ரெவின்யூ இலாகாவின் அடிப்படியில் போட்டு அமுக்க அவருக்கு மனசு வரவில்லையாம். நேர்முகத் தேர்வில் தகுதி போதாமல் தோற்றவர்கள் ஆயிரம் பேர் உண்டு. தகுதி மிஞ்சித் தோற்றவர் இவர் ஒருவர்தான். வேலைக்குப் பதில் சென்னையில் இருக்கும் நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கடிதம் இன்னொருவரிடம் கொண்டுபோய் விட்டது, அவர் மற்றொருவரிடம். கடைசியில் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். அவரிடம் அழைத்துப்போனது யார் என்கிறீர்கள்? அவருடைய மருமான். (சிரிக்காதீர்கள். உங்கள் வேலையும் எப்படிக் கிடைத்தது என்று கொஞ்சம் யோசியுங்கள்.) முதலில் நம்பாத ராவ் பல சந்திப்புகளுக்குப் பிறகு நம்பினார். என்ன வேண்டும் என்று கேட்டார். ராமானுஜன் கேட்டது சுத்தமான ஒரே விஷயம்: சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்குப் போட ஏதாவது வழி. ராவ் தன் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பினார். உட்கார்ந்த இடத்துக்குச் சம்பளம்! இன்றைய பையன்கள் வீட்டிலிருந்தே வேலை என்று பீற்றிக்கொள்வதற்கு நூறு வருஷம் முன்னாலேயே இது நடந்தது. ஆனால் சும்மா வாங்குவது மனிதருக்கு உறுத்தியது. மறுபடி வேலை தேடினார். அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரத் தற்காலிக வேலை. பிறகு 1912 பிப்ரவரி 9-ம் தேதி துறைமுகக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டார்.

வேலை தேடும் ஒவ்வொரு பிள்ளையும் படிக்கவேண்டிய விண்ணப்பம் அது. மெட்ரிகுலேஷன் தேறியிருப்பதாகவும், எஃப்.ஏ. வரை படித்ததாகவும், மேற்கொண்டு படிக்கவிடாமல் சில பாதகமான சூழ்நிலைகள் தடுத்துவிட்டதாகவும் அதில் எழுதினார். அந்தப் 'பாதகமான சூழ்நிலைகள்' என்பது கணிதம் தவிர மீதிப் பாடங்கள் அத்தனையும். உடலியல் பாடத்தை ஒரு சூழ்நிலையாக மாற்றிய சாமர்த்தியத்துக்கு முன்னால் இன்றைய ரெஸ்யூமேக்காரர்கள் தோப்புக்கரணம் போடவேண்டும். கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசு. உள்ளே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் ஒரு கணிதப் பித்தர். மார்ச் 1-ம் தேதி வேலை, மாதம் 30 ரூபாய்.

அந்த வேலையில் சேர்ந்த பின்தான் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1913 ஜனவரியில். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது வருஷச் சம்பளம் 20 பவுன்தான் என்பதையும் மறக்காமல் சேர்த்தார். சூத்திரங்கள் எல்லாம் அதற்கு அப்புறம். சம்பளத்தை முதல் வரியிலேயே சொல்லக்கூடாது என்று இன்றைக்கு எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் பாடம் நடத்துகிறார்கள். அந்த வகுப்புக்கு ராமானுஜன் போகாதது நல்லதாயிற்று. அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மறு வருஷம் இங்கிலாந்துக்குக் கப்பல்.

கடிதம், மருமான், பேராசிரியர், தலைமைக் கணக்கர். இந்தச் சங்கிலியில் வந்தவர்கள் உண்மையிலேயே நல்லவர்கள். ஒரு மேதையைக் காப்பாற்றினார்கள். அதே சங்கிலி மேதை அல்லாதவர்களையும் ஆயிரக்கணக்கில் இழுத்து ஆபீஸுக்குள் போட்டது. யாருக்கு மாமா இல்லையோ அவருக்குச் சங்கிலியும் இல்லை. 1916 டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கை வந்தபோது அதில் ஒரு கணக்கு இருந்தது: 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் தேறிய 16 பேரில் 15 பேர் பிராமணர்கள். தெருவிளக்கு சில தெருக்களில் மட்டும் பிரகாசமாக எரிந்திருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். எங்கள் தாத்தா இந்தக் கணக்கை ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பதினாறாவது ஆளைப் பற்றித்தான் கவலைப்பட்டிருப்பார்.

பிராமணரல்லாதாரின் ஜஸ்டிஸ் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1921-ல் அரசு வேலைகளைப் பங்கிட வகுப்புவாரி அரசாணை. அதோடு நிற்காமல், மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து ஒரு புது நகரமும் போட்டார்கள். அதற்குத் தியாகராய நகர் என்று பெயர் வைத்து, தெருவுக்கும் பூங்காவுக்கும் கட்சிக்காரர்களின் பெயர்களாகப் பார்த்துச் சூட்டினார்கள். உஸ்மான் ரோடு, தணிகாசலம் ரோடு, நடேசன் பூங்கா, நடுவில் பனகல் பூங்கா. மயிலாப்பூரில் இடம் போதாத குமாஸ்தாக் குடும்பங்கள் அங்கேதான் மனை வாங்கிக் குடிபோயின. பகலெல்லாம் ஜஸ்டிஸ் கட்சியைத் திட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டு விலாசத்தில் அக்கட்சித் தலைவரின் பெயரைத் திருத்தமாக எழுதி உறவினருக்குத் தபால் போட்டார்கள். 1929-ல் மதராஸ் சர்வீஸ் கமிஷன் வந்தது. இந்தியாவின் மாகாணங்களிலேயே முதலாவது. இனி மாமா வேண்டாம், பரீட்சை போதும் என்று சட்டம் சொன்னது. பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று மாமா சொல்ல ஆரம்பித்தார்.

என் காலத்து யோசனை டைப்ரைட்டிங். 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாகி, இந்தியன் பேங்கும் அதில் ஒன்றாகி, 'பேங்க்' என்ற ஒரே சொல்லுக்குக் கல்யாணச் சந்தையில் தனி விலை ஏறியிருந்தது. லஸ் முனையிலிருந்து நாலு கட்டடம் தள்ளி, மாடியில் ஒரு இன்ஸ்டிட்யூட். காலை ஆறு மணி பேட்ச். படியேறும்போதே எண்ணெயும் ரிப்பன் மையும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். இருபது மெஷின்கள், இருபது மாதிரிச் சத்தம். என்னுடையதில் 'ஜி' எழுத்து மேலே எழும்பினால் திரும்ப இறங்காது. விரலால் தள்ளிவிடவேண்டும், மை நகக்கண்ணில் ஏறும். மாஸ்டர் கையில் ஒரு மர ஸ்கேல். ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப், செமிகோலன்-எல்-கே-ஜே-ஹெச்-ஜே. விசைப்பலகையைக் குனிந்து பார்த்தால் ஸ்கேல் மேஜைமேல் விழும். "கண்ணு பேப்பர்ல இருக்கணும். கீழே என்ன, புதையலா?" ஒன்றரை வருஷம் வலது கைச் சுண்டுவிரலால் செமிகோலன் அடித்தேன். சர்வீஸ் முழுக்க எந்த ஆபீஸ் கடிதத்திலும் ஒரு செமிகோலன் தேவைப்பட்டதாக ஞாபகம் இல்லை. ஹையர் பாஸ் செய்தேன். வங்கித் தேர்வு எழுதினேன். ஹால் டிக்கெட்டை மாமா கபாலி சன்னதியில் வைத்து எடுத்துக் கொடுத்தார். வேலை கிடைத்தது. கிளார்க். மாமா சாகும்வரை அதைத் தன் சிபாரிசு என்றே சொன்னார்.

வங்கியில் வேலை பார்த்ததால் பணம் பற்றி எனக்கு விவேகம் இருக்கும் என்று நம்பிய தெருக்காரர்களுக்கு என் மன்னிப்பு. தொண்ணூறுகளில் தி. நகரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி 24 சதவீத வட்டி கொடுத்தது. எங்கள் வங்கியில் பத்துப் பன்னிரண்டுதான். நான் போட்டேன். "பேங்க்காரரே போட்டிருக்கார்" என்று பக்கத்து வீடும் எதிர்வீடும் போட்டன. கம்பெனி அழகான தினசரிக் காலண்டர் கொடுத்தது, வெங்கடாசலபதி படம் போட்டது. அடுத்த வருஷக் காலண்டர் வரவில்லை. எதிர்வீட்டு மாமி நாலு மாதம் என்னோடு பேசவில்லை. அதற்குள் மாமிக்குத் தேக்கு மரத் திட்டம் ஒன்றை வேறு யாரோ சொல்லியிருந்தார்கள்.

1906 பாடம் ஊருக்கு ஏறியிருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1872-ல் மயிலாப்பூரில் தொடங்கிய இந்து பெர்மனென்ட் ஃபண்டின் நிர்வாக இயக்குநர், போட்ட பணம் திரும்ப வரவில்லை என்ற புகார்களின் பேரில் 2024 ஆகஸ்டில் கைதானார். ஆர்பத்நாட் விழுந்தபோது அந்த ஃபண்டுக்கு முப்பத்து நாலு வயது. விழாமல் நின்ற பெருமையை அப்போது பேசியிருப்பார்கள்.

போன மாதம் அடையாறு காந்தி நகரிலிருந்து அக்கா பேரன் வந்தான். இன்ஜினீயரிங் முடித்து ஒரு வருஷம். யோசனை கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவிளக்கிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும் தாத்தா. உங்க பழைய ஃப்ரெண்டு ஒருத்தர் பையன் பெருங்குடியில பெரிய கம்பெனில இருக்கான்னீங்களே. ஒரு ரெஃபரல் மட்டும் வாங்கித் தரீங்களா?"

"ரெஃபரல்னா?"

"அவங்க உள்ளேருந்து என் பேரைப் போட்டா, ரெஸ்யூமேயைத் திறந்தாவது பாப்பாங்க. சேர்ந்துட்டா அவங்களுக்கு போனஸ்கூட உண்டு."

போனஸா! நாராயண ஐயருக்குத் தெரியாமல் போயிற்றே. நான் எழுந்து பீரோவைத் திறந்து, பழைய டைரியில் நண்பர் நம்பரைத் தேடி எடுத்துப் படித்தேன். பையன் போனில் தட்டிக்கொண்டான். இரண்டே கட்டைவிரல், கண் முழுக்கக் கீழே எழுத்துகள்மேல். லோயரே தேறமாட்டான்.