பீனியல் சுரப்பிக்கு ஒரு மெமோ

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தாலுகா அலுவலகத் தலைமை எழுத்தர்,
தற்போது பேரப்பிள்ளைகளை எழுப்பும் பணியில் (சம்பளமின்றி).

பெறுநர்:
உயர்திரு தாளாளர் அவர்கள்,
எங்கள் ஊரின் பெயர்பெற்ற மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி.

பொருள்: பள்ளி – மாணவர்கள் – இரவுத் தூக்கம் – வயதுவாரியாக அனுமதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. தங்கள் வேன் நேர அட்டவணை.
2. பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கான தங்கள் சுற்றறிக்கை.
3. இரவு 10.40-க்கு வாட்ஸ்அப்பில் வந்த ஐந்தாம் வகுப்பு வீட்டுப்பாடம்.

ஐயா,

பார்வை 2-ல் கண்ட சுற்றறிக்கையைப் படித்து மகிழ்ந்தேன். பொதுத்தேர்வு முடியும்வரை மாணவர்கள் காலை 6.30-க்கு ஸ்பெஷல் கிளாஸுக்கு ஆஜராக வேண்டும். மாலை ஸ்டடி முடித்து 8 மணிக்கு வீடு திரும்பலாம். வீட்டில் இரவு 11 வரை படிக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் உறுதி செய்து டைரியில் கையெழுத்திட வேண்டும். பணிக்காலம் முழுக்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். இத்தனை தெளிவான சுற்றறிக்கை எங்கள் அலுவலகத்திலிருந்துகூட வெளியே போனதில்லை. ஒரு விவரம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது: பையன் எப்போது தூங்க வேண்டும் என்பது. டைப் செய்தவர் ஒரு வரியைத் தாண்டியிருப்பார் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்வை 1-ஐப் பார்த்தேன். வேன் தெருமுனைக்கு 5.50-க்கு வருகிறது. 11-க்குப் படுத்து 5-க்கு எழுந்தால் ஆறு மணி நேரம். அந்த வரி விட்டுப்போகவில்லை, இடமில்லாமல் நீக்கப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

என் மருமகள் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறாள். அவளிடம் கேட்டதில் ஒரு கணக்கு தந்தாள். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்டதாம். ஒன்று முதல் இரண்டு வயதுக்கு 24 மணி நேரத்தில் 11 முதல் 14 மணி நேரம். மூன்று முதல் ஐந்துக்கு 10 முதல் 13. ஆறு முதல் பன்னிரண்டுக்கு 9 முதல் 12. பதின்மூன்று முதல் பதினெட்டுக்கு 8 முதல் 10. கைக்குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தனியாகச் சொல்லியிருக்கிறது: மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம். எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆள் இருப்பதால், ஆள்வாரியாகவே அறிக்கை சமர்ப்பிக்கிறேன்.

கைக்குழந்தை: மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேத்தி தூளியில் கிடக்கிறாள். பகல் இரவு என்ற பேதமே அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஓடத் தொடங்கவே இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். தூங்கும் நேரத்தில் பாதி, இமைக்குள் கண் உருளும் தூக்கம். மூளை வளரும் வேலை அப்போது மும்முரமாக நடக்கிறது என்கிறார்கள். தங்கள் பள்ளியில் இன்னும் விண்ணப்பப் படிவம் வாங்காத காரணத்தால் இவள் மட்டும் தேவையான அளவு தூங்குகிறாள்.

எல்.கே.ஜி. பேத்தி: காக்கையோடு எழுந்து வீட்டையே எழுப்புகிறாள். காலையில் புகார் ஏதும் இல்லை. புகார் மதியத்தில். நாலு வயதில் பல பிள்ளைகளுக்கு மதியத் தூக்கம் இன்னும் விட்டுப்போயிருக்காது. எங்கள் தெரு அங்கன்வாடியில் சாப்பாடு போட்டு, பாயை விரித்துப் படுக்க வைக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. தங்களிடம் டேர்ம் ஃபீஸ் கட்டும் எங்கள் பிள்ளைக்கு அந்த நேரத்தில் ரைம்ஸ். அவள் வேனில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டு நாலரைக்கு வந்து இறங்கி, ஆறு மணி வரை சோபாவில் தொடர்ந்து, இரவு பத்தரைக்குப் புத்தம்புதிதாக விளையாடக் கூப்பிடுகிறாள். ஒரு பாய் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துச் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்புப் பேரன்: ஒன்பது மணிக்குப் படுத்தால்தான் இவன் கணக்கு சரியாகும். அபாகஸ் முடித்து, இந்தி முடித்து, ஒருவழியாகக் கண்ணசரும்போது பார்வை 3 வந்து சேர்கிறது. தூங்கியவனை எழுப்பி, இந்தியாவின் நதிகளைச் சார்ட்டில் வரைய வைத்தார்கள். காவிரிக்கு நீலம் பூசும்போது பிரஷ்ஷோடு சாய்ந்துவிட்டான். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டாமலே நதி நின்றுவிட்டது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் அவி சாதே 2003-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வயதுக்காரர்களைப் பற்றியது. நான்காம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை மூன்று இரவு சீக்கிரம் படுக்க வைத்தார், மற்றவர்களைத் தாமதமாக. கூடுதலாகக் கிடைத்தது சராசரியாக அரை மணிச் சொச்சம் தூக்கம்தான். அதற்கே கவனமும் நினைவும் சோதிக்கும் பரீட்சைகளில் சீக்கிரம் படுத்தவர்கள் தேறினார்கள். எங்கள் பேரனுக்கு மறுநாள் காலை கோதாவரி எங்கே போகிறது என்று கேட்டதற்கு, "பாட்டி வீட்டுக்கு" என்றான்.

இனி பத்தாம் வகுப்புப் பேரன். இங்கேதான் தங்கள் உடனடி நடவடிக்கை தேவைப்படுகிறது.

மூளைக்குள் பீனியல் என்று பயறளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து, கடையை மூடலாம் என்று உடம்புக்கு அறிவிப்பது அதன் வேலை. சின்ன வயதில் எட்டு, எட்டரைக்கே ஒழுங்காகப் பணிக்கு வரும் இச்சுரப்பி, மீசை அரும்பும் வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்காடன் பல ஆண்டுகள் இதைத்தான் அளந்து காட்டினார். செல்போனைப் பிடுங்கி வைத்தாலும் முழுதாகச் சரியாகாது. வெளிச்சம் கோளாறைக் கூட்டத்தான் செய்யும், தொடங்கி வைத்தது பருவம். அதாவது பதினைந்து வயதுப் பையன் பத்தரைக்கு முன் தூங்க முடியாமல் புரள்வதும், ஐந்து மணிக்கு எழ முடியாமல் கிடப்பதும் ஒரே உத்தரவின் இரண்டு பத்திகள்.

இது பட்டவர்த்தனமான ஒழுங்கீனம். மேற்படி சுரப்பிக்குத் தாங்கள் விளக்கம் கேட்டு ஒரு மெமோ அனுப்பலாம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் 17(பி) விதியில் குற்றச்சாட்டு போடலாம். வாசகம் எழுதித் தர நான் இருக்கிறேன். அதற்குள், சுரப்பி திருந்தும் என்ற நம்பிக்கையில் தாங்கள் செய்திருப்பது என்ன தெரியுமா? வயது ஏற ஏற உடம்பு படுக்கையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வகுப்பு ஏற ஏறத் தாங்கள் மணியை முன்னுக்கு இழுக்கிறீர்கள். தானாக விடியலில் எழுந்து குதிக்கும் எல்.கே.ஜி.க்கு 9 மணிக்குப் பள்ளி. எழுப்பினாலும் எழாத பத்தாம் வகுப்புக்கு 6.30. நேரே மாற்றிப் போட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக இருந்திருக்கும்.

அந்த அதிகாலையில் பையனிடமிருந்து பறிபோவது வெறும் இரண்டு மணி நேரம் அல்ல. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் முடிந்துவிடுகிறது. கனவுத் தூக்கம் விடியலை ஒட்டித்தான் மிகுதி. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில். தங்கள் இயற்பியல் ஆசிரியர் மாலை ஏழு மணிக்கு நடத்திய பாடத்தைப் பதிவேட்டில் ஏற்றும் நேரத்தில், தங்கள் வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. நடத்தியதும் தாங்கள், பதியவிடாமல் செய்ததும் தாங்கள்.

பத்தாம் வகுப்புப் பேரன் வகுப்பில் கண் சொருகியபோது ஆசிரியர் "கும்பகர்ணா" என்று அழைத்தாராம். நல்ல உவமை, ஆனால் பள்ளிக்குச் சாதகமானது அல்ல. பாதித் தூக்கத்தில் ஆள்படை வைத்து எழுப்பி, நேரே பொதுத்தேர்வுக்கு அனுப்பப்பட்ட முதல் மாணவன் அவன்தான். ரிசல்ட் தங்களுக்கே தெரியும்.

பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் பாரதியாரின் பாட்டைப் போட்டு, காலைப் படிப்பை வலியுறுத்தியிருக்கிறீர்கள். பாப்பா எழுந்த பிறகு படிக்க வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று வேன் அட்டவணை எதையும் இணைக்கவில்லை. அதே பாட்டில் மாலைப் பொழுது மொத்தத்தையும் விளையாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார். அந்தப் பகுதி டைரியில் அச்சாகவில்லை. காகிதத் தட்டுப்பாடாக இருக்கலாம்.

பெற்றோர் கூட்டத்தில் தாங்கள், "எங்கள் காலத்தில் நாலு மணிக்கு எழுந்து படித்தோம்" என்றீர்கள். நானும் படித்தவன்தான். எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கை அம்மா ஊதி அணைத்துவிடுவாள். மண்ணெண்ணெய் ரேஷனில் வந்தது. எட்டிலிருந்து நாலு, எட்டு மணி நேரம். நாலு மணியைப் பற்றிப் பெருமை பேசும் நம் தலைமுறை, எட்டு மணியைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

அலுவலகப் பழக்கம் போகவில்லை; முன்னுதாரணம் இல்லாமல் கோப்பு நகராது என்பதால் சிலவற்றை இங்கே குறிப்பிடுகிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் 2019-ல் சட்டம் போட்டு, 2022 ஜூலையிலிருந்து உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று ஆக்கியது. "நேரம் கொடுத்தால் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள்" என்று தாங்கள் சொல்லக்கூடும். சியாட்டில் நகரம் 2016-ல் பள்ளி நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றியது. பிள்ளைகளின் கையில் கருவி கட்டி அளந்தார்கள். தினமும் 34 நிமிடம் தூக்கம் கூடியிருந்தது. வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால், மகாராஷ்டிர அரசு 2024-ல் நான்காம் வகுப்பு வரை 9 மணிக்கு முன் பள்ளி கூடாது என்று ஆணையிட்டது. பள்ளிப் பேருந்து உரிமையாளர்கள் ஆட்சேபித்தார்கள். டில்லி ராம்லீலா மைதானத்தில் நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் விரட்டிய வழக்கில், தூக்கமும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2012-லேயே சொல்லிவிட்டது. அது பெரியவர்கள் கூட்டம், நள்ளிரவு. நம்முடையது பிள்ளைகள், விடியற்காலை. வித்தியாசத்தைத் தங்கள் வக்கீல் கண்டுபிடிக்கக்கூடும்.

தங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பைபாஸ் ரோட்டுப் பள்ளி 6 மணிக்கே தொடங்குகிறது, தாங்கள் 8.30 என்றால் அட்மிஷன் அங்கே போய்விடும். கூட்டத்தில் எழுந்து, "ஞாயிற்றுக்கிழமை எதற்கு சார் லீவு?" என்று கேட்டவர் தாங்கள் அல்ல, ஒரு தகப்பனார், கைதட்டியவர்கள் தாய்மார்கள். ஆறரை மணி வகுப்புக்கு வரும் அறிவியல் டீச்சருக்கும் வீட்டில் பால்குடிப் பிள்ளை இருப்பதாகக் கேள்வி. அந்தம்மாள் எப்போது தூங்குகிறார் என்பதற்கு என்னிடம் அட்டவணை இல்லை.

ஆகவே வியாபாரத்துக்கு நஷ்டமில்லாத ஒரு திட்டத்தைச் சமர்ப்பிக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் எதையும் நம் ஊர்ப் பெற்றோர் மதிப்பதில்லை. எனவே தாங்கள் தூக்கத்துக்குக் கட்டணம் விதிக்க வேண்டும். "மாநிலத்திலேயே முதல்முறையாக, ஸ்மார்ட் ஸ்லீப்" என்று பேருந்து நிலையம் எதிரே பிளக்ஸ் வையுங்கள். எல்.கே.ஜி.க்கு மதியப் பாய், ஏ.சி. என்றால் தனிக் கட்டணம். தலையணை பள்ளி ஸ்டோரில் மட்டுமே வாங்க வேண்டும், வெளியில் வாங்கியது அனுமதிக்கப்படாது. பத்தாம் வகுப்புக்கு "கனவுத் தூக்கச் சிறப்புப் பயிற்சி": நேரம் காலை 5 முதல் 7 வரை, இடம் அவரவர் வீடு, ஆஜர் பெற்றோர் கையெழுத்து. வகுப்பறை வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஆசிரியர் வேண்டாம். வசூல் மட்டும் உண்டு. இதைவிட லாபமான பாடத்தைத் தங்கள் நிர்வாகம் இதுவரை நடத்தியதில்லை. பைபாஸ் ரோட்டுப் பள்ளி அடுத்த வருஷமே பத்து மணி நேரம் தூங்க வைப்பதாக அறிவிக்கும். அந்தப் போட்டியில் மட்டும் நாங்கள் இரு பள்ளிகளையும் ஆதரிப்போம்.

கட்டணம் நிர்ணயிக்கும்வரை இடைக்கால ஏற்பாடாக, ஸ்பெஷல் கிளாஸைப் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு, காலை வேனை மற்ற வகுப்புகளோடு அனுப்பவும், இரவு எட்டுக்கு மேல் வீட்டுப்பாடம் அனுப்பாதிருக்கவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

பதிலை அருள்கூர்ந்து தபாலில் அனுப்பவும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால், தாங்கள் என்ன எழுதியிருந்தாலும் அடியில் நாற்பது பேர் "நன்றி சார்" என்று கைகூப்பி விடுவார்கள்; அனுமதித்தீர்களா நிராகரித்தீர்களா என்று தெரியாமல் போய்விடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
தாத்தா

நகல்:
1. வேன் ஓட்டுநர் – தகவலுக்காக.
2. அறிவியல் டீச்சர் – மதிய இடைவேளையில் படிக்க. தூக்கம் வந்தால் படிக்க வேண்டியதில்லை.
3. பீனியல் சுரப்பி, பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு – உரிய விளக்கம் ஏழு நாள்களுக்குள்.