நாலரை லட்சத்தின் நாதம்

கோவளம் தாண்டி, ஈசிஆரில் கடலைப் பார்த்தபடி வீடு கட்டியிருக்கும் நண்பர், ஜோடி நாலரை லட்ச ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார். கொடுத்த காசு தகுமா என்று கேட்பவர்கள் அதை நேரில் பார்க்காதவர்கள். நான் பார்த்தேன். பார்ப்பதற்கு அப்படி இருக்கிறது!

முதலில் அதன் தாராள மனசைச் சொல்ல வேண்டும். மனிதக் காதுக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். ஐம்பதைக் கடந்த காதுக்கு 12,000 தாண்டினாலே பெரும்பாலும் சந்தேகம். நண்பருக்கு அறுபத்திரண்டு. பெட்டியோ 40,000 வரை பாடுகிறது. மிச்சமெல்லாம் வாசலில் படுத்திருக்கும் நாய்களுக்கு; அவற்றுக்கு நன்றாகவே கேட்கும். வாயில்லா ஜீவன்களை இப்படி மனதில் வைத்து வேறு யார் பொருள் செய்கிறார்கள்?

ஆம்ப்ளிஃபயர் 300 வாட். கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஒரு வாட் தாராளம், மற்றதெல்லாம் சேமநிதி. வாட்டை இரட்டித்தால் சத்தம் மூன்றே டெசிபல் ஏறும் என்பதால், 600க்கு மாறும் யோசனையும் இருக்கிறது.

கூடமும் பெட்டிக்கு ஏற்ற கூடம். தரை கிரானைட், கடல் பக்கம் சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒரு சொல் கிளம்பினால் கண்ணாடியில் மோதி, தரையில் மோதி, மூன்று பேர் பாடியதாக வந்து சேர்கிறது. ஒருவருக்குக் கொடுத்த காசில் மூவர்! கெட்டியான திரைச்சீலையும் ஒரு ஜமக்காளமும் போட்டால், ஆகும் செலவு சில ஆயிரம்தான், இந்த லாபம் போய்விடும். பாட்டு மட்டும்தான் கேட்கும். கடல் மறையுமே என்று நண்பர் மறுத்துவிட்டார்.

அவருக்குப் பிடித்தது பி. சுசீலாவின் அறுபதுகளின் பாட்டு. அன்றைய ஒலிப்பதிவு மோனோ என்பதால் இரண்டு பெட்டிகளும் துளி பேதமில்லாமல் ஒரே ஓசையைத் தருகின்றன. என்ன ஒற்றுமை! செல்போனிலிருந்து ப்ளூடூத்தில்தான் போடுகிறார். பாட்டுக்கு நடுவே வரும் மசாலாத்தூள் விளம்பரத்தின் துல்லியத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

பின்பக்கச் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் 1,300 ஆண்டுகளாக உப்புக்காற்றில் நின்று அடைந்த தொன்மை, இவற்றுக்கு ஒரே மழைக்காலத்தில் கைகூடிவிட்டது.

செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த மைக்செட்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய குழாய்களைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆடி மாதம் கூழ் வார்க்கிற ஊரெல்லாம் அலைந்து, பெயின்ட் உரிந்து, விளிம்பு நசுங்கி, எந்நேரமும் ஒன்றிரண்டு யூனிட் காயில் கருகிப் பட்டறையில் கிடக்கும். நண்பருடையவை அப்படியா? வெல்வெட் துணி போர்த்தி, பேரப்பிள்ளைகள் கிட்டே வராமல் காத்து, ஞாயிறுதோறும் துடைத்து மெருகேற்றி வைத்திருக்கிறார். இது தொண்டை மண்டலம். தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்த ஔவை எப்படிப் பாராட்டினாள் என்பது ஊரறிந்த கதை. அதனால் நானும் அளவோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து கேபிளை மாற்றப்போகிறாராம், மீட்டர் ரூ.12,000. அவசியம் மாற்றுங்கள் என்றேன். திரைச்சீலைப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டவரிடம் போய் மலிவான யோசனை சொல்வது மரியாதையில்லை.